சிலேடை சொன்னா முழிக்கறாங்க, விளக்கலாமா விட்டுடலாமா?

கேள்வி சுருக்கமா இதுதான். "நான் வார்த்தை விளையாட்டு ஜோக் நிறைய அடிப்பேன். பாதி நேரம் எதிர்ல இருக்கறவங்க பேந்தப் பேந்த முழிக்கறாங்க. விளக்க ஆரம்பிச்சா இன்னும் சொதப்புது. விளக்கணுமா, இல்ல கமுக்கமா அடுத்த பேச்சுக்குப் போயிடணுமா?"

நான் ரொம்ப வருஷமா தமிழ் சொல்லிக்குடுக்கறேன், அதுவும் பெரும்பாலும் வீட்டுல பேச மட்டும் பழகி எழுதப் படிக்கத் தெரியாம வளர்ந்த பெரியவங்களுக்கு, அதனால இந்த முழிக்கிற முகத்தை நான் பார்த்த அளவுக்கு வேற யாரும் பார்த்திருப்பாங்களான்னு தெரியல. என் பதில், விளக்கலாம், தாராளமா விளக்கலாம், ஆனா அவங்களுக்கு எது புரியலைன்னு கண்டுபிடிக்காம வாயைத் திறக்கக் கூடாது. நம்ம ஆளுங்க பண்ற தப்பே அங்கதான். காதுல விழாதவனுக்கு அர்த்தம் சொல்றோம், அர்த்தம் தெரியாதவனுக்கு அதே வார்த்தையைச் சத்தமா சொல்றோம், புரிஞ்சும் சிரிப்பு வராதவனுக்கு ரெண்டையும் சேர்த்து சொல்றோம்.

ஒரு சின்ன ஜோக்கை வச்சே பார்ப்போம். "ஆறு டீ சொன்னோம், வந்தது ஆறுன டீ." அவ்வளவுதான். பெரிய ஜோக்குன்னு நான் சொல்லல, ஆனா அறுத்துப் பார்க்க வசதியானது. நாலு பேர்கிட்ட இதைச் சொல்றீங்க, நாலு பேரும் முழிக்கறாங்கன்னு வச்சுக்கங்க. முதல் ஆளுக்கு "ஆறுன"ல இருக்கற அந்த "ன" காதுலயே ஏறல, "ஆறு டீ சொன்னோம் ஆறு டீ வந்துச்சு"ன்னு கேட்டிருக்கு, கரெக்டாத்தானே வந்திருக்கு இதுல என்ன இருக்குன்னு பார்க்கறாரு. ரெண்டாவது ஆள் வீட்டுல யாருமே "ஆறிப்போச்சு"ன்னு சொல்றதில்ல, "சூடு போயிடுச்சு", "கூல் ஆயிடுச்சு" இப்படித்தான், அவருக்கு ஆறுன்னா 6, மிஞ்சிப் போனா தண்ணி ஓடற ஆறு. மூணாவது ஆளுக்கு எல்லாம் தெரியும், ஆனா அவர் கதை கேக்கற மூடுல இருக்காரு, டீ வந்துச்சு, சரி, அப்புறம் என்ன ஆச்சுன்னு காத்துட்டு இருக்காரு. நாலாவது ஆளுக்கு எல்லாம் புரிஞ்சுது, சிரிப்பு வரல, அவ்வளவுதான். இந்த நாலாவது ஆள்கிட்ட போய் "இல்லங்க, ஆறுன்னா நம்பர், அப்புறம் ஆறுன்னா..."ன்னு ஆரம்பிச்சா அவர் நம்மளை ஏற இறங்க ஒரு பார்வை பார்ப்பாரு பாருங்க, அதுக்கப்புறம் ஒரு வாரத்துக்கு ஜோக் அடிக்கத் தோணாது.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது மூணாவது ஆள்தான், ஏன்னா அவர் தலைக்குள்ள நடக்கறது சுவாரசியமான விஷயம். 1979-ல டேவிட் ஸ்வின்னின்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் ஒரு பரிசோதனை வெளியிட்டாரு. ஆளுங்களுக்கு ஹெட்ஃபோன்ல ஒரு கதை ஓடுது, அதுல ரெண்டு அர்த்தம் இருக்கற ஒரு சொல் வருது. ஆங்கிலத்துல 'பக்'னா பூச்சின்னும் அர்த்தம், ஒட்டுக்கேக்க ஒளிச்சு வைக்கற கருவின்னும் அர்த்தம். கதையில சிலந்தி, கரப்பான்னு வரிசையா சொல்லி பூச்சிதான்னு தெளிவா காட்டியாச்சு. அந்தச் சொல் காதுல விழுந்த அந்தக் கணமே திரையில ஒரு வார்த்தையைக் காட்டி, இது நிஜமான சொல்லா சும்மா எழுத்துக் குவியலான்னு கேக்கறாங்க. 'எறும்பு'ன்னு காட்டினா சட்டுனு பதில் வருது, அது எதிர்பார்த்ததுதான். ஆனா 'உளவாளி'ன்னு காட்டினாலும் அதே மாதிரி சட்டுனு வருது! அதாவது கதை பூச்சின்னு அடிச்சுச் சொன்னாலும் ஒட்டுக்கேக்கற அர்த்தமும் ஒரு கணம் எழுந்து உக்காருது. கதை இன்னும் மூணு அசை நகர்ந்ததும் திரும்ப சோதிச்சா உளவாளி போயாச்சு, எறும்பு மட்டும்தான் மிச்சம்.

இதை நம்ம டீக்கு இழுத்துட்டு வந்தா என் கணிப்பு என்னன்னா, ரெண்டு அர்த்தமும் தெரிஞ்சவருக்கு ரெண்டும் எட்டிப் பார்த்திருக்கும், வேண்டாததை மூளை கண்ணிமைக்கற நேரத்துல கதவைச் சாத்தி வெளியே அனுப்பிடுச்சு. அப்ப அவருக்கு நீங்க ஒண்ணும் புதுசா கத்துக்குடுக்க வேண்டியதில்ல. சாத்தின கதவைத் திரும்ப ஒரு தடவை தட்டணும், அவ்வளவுதான். எப்படித் தட்டறதுன்னா, அதே வாக்கியத்தை அதே வார்த்தைகளோட, ரெண்டாவது "ஆறு"க்கு முன்னாடி அரை நொடி நிறுத்தி, திரும்பச் சொல்லுங்க. "ஆறு டீ சொன்னோம். வந்தது... ஆறுன டீ." சொல்லிட்டு வாயை மூடிக்கங்க. இந்த வாயை மூடறதுதான் எல்லாத்தையும் விட கஷ்டம். முழிக்கிற முகத்தைப் பார்த்தா நமக்குப் பதட்டம் வந்து, அவர் யோசிச்சுட்டு இருக்கறப்பவே மேல மேல கொட்டி, அவரே கண்டுபிடிச்சிருக்க வேண்டியதை நாம கையில குடுத்துடறோம். மூணு நொடி பொறுங்க.

வேற வார்த்தையில மாத்திச் சொல்லாதீங்கன்னு சொல்றதுக்கும் காரணம் இருக்கு. மனசை ஆராய்ச்சி பண்ணின ஃப்ராய்டு 1905-ல ஜோக்குகளைப் பத்தியே தனியா ஒரு புத்தகம் எழுதினாரு, அதுல அவர் பண்ற முக்கியமான வேலை, ஒரு ஜோக்கோட கருத்தை அப்படியே வச்சுக்கிட்டு வார்த்தைகளை மட்டும் மாத்திப் பார்க்கறது. மாத்தினதும் சிரிப்பு காணாமப் போச்சுன்னா, சிரிப்பு கருத்துல இல்ல வார்த்தையிலதான் இருந்துச்சுன்னு அர்த்தம். சிலேடைக்கு இது நூத்துக்கு நூறு பொருந்தும். "ஆறு பேருக்கு டீ கேட்டோம், சூடு இல்லாம குடுத்தாங்க"ன்னு விளக்கினா அது ஜோக் இல்ல, புகார். மேனேஜரைக் கூப்பிடவான்னு கேப்பாங்க.

இப்ப ரெண்டாவது ஆள், வார்த்தையே தெரியாதவர். இவர்தான் இன்னைக்கு அதிகம், இதுக்கு யாரையும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்ல. ஒரு தடவை வகுப்புல பழைய மாடல் ஜோக் ஒண்ணு சொன்னேன். "ராத்திரி ரொம்ப லேட் ஆயிடுச்சு, ரிசப்ஷன்ல போய் மேஜையைத் தட்டி 'ஒரு அறை குடுங்க'ன்னு கத்தினேன். குடுத்துட்டாங்க, இன்னும் கன்னம் எரியுது." பதினாலு பேர் இருந்த வகுப்பு, ஊசி விழுந்தா கேக்கும். அப்புறம் முன்வரிசையில ஒருத்தர் கேட்டாரு, "சார், அவர் ரூம் கேக்காம ஏன் அடி கேட்டாரு?" பிரச்சனை எங்கன்னு அப்பதான் எனக்கே உறைச்சுது. அவங்களுக்கு அறைன்னா கன்னத்துல விடறது மட்டும்தான். தங்கற இடம்னா ரூம். வகுப்பறைன்னு தினமும் அந்த வகுப்புலயே சொல்றோம், ஆனா அதைப் பிரிச்சுப் பார்த்து உள்ள ஒரு அறை இருக்குன்னு யாரும் யோசிச்சதில்ல. பேச்சுல ரூம் வந்து உக்காந்ததும் அந்த ஜோக்கோட ஒரு கால் உடைஞ்சு போச்சு, நாமதான் இன்னும் அதை நிக்க வச்சுட்டு இருக்கோம்.

இந்த மாதிரி ஆளுக்கு ஜோக்குக்கு அப்புறம் அகராதி அர்த்தம் சொன்னா புரியும், சிரிப்பு வராது, வரவே வராது, ஏன்னா ரெண்டாவது அர்த்தம் அவருக்குள்ள இருந்து எழும்பணும், வெளியில இருந்து குடுத்தா அது தகவல். அதனால நான் இப்பல்லாம் தலைகீழா பண்றேன். ஜோக் சொல்றதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே பேச்சுவாக்குல அந்தச் சொல்லை ஒரு சாதாரண வாக்கியத்துல விட்டுடுவேன், "பக்கத்து அறையில சத்தமா இருக்கு, கதவைச் சாத்துங்க" அப்படின்னு. அப்புறம் ஜோக் வரும்போது அது உள்ள தயாரா இருக்கும். ஏமாத்து வேலைதான், ஆனா மேடையில பேசறவங்க பலரும் பண்ற ஏமாத்து வேலை இது. முன்னாடி விட மறந்துட்டீங்க, ஜோக் விழுந்துடுச்சுன்னா, "அறைன்னா ரூம்"னு சுருக்கமா சொல்லிட்டு நகர்ந்துடுங்க. அடுத்த தடவைக்கு அது முதலீடு.

காது விஷயத்துக்கு வருவோம், தமிழ்ல இது தனி ரகளை. அந்த அறை ஜோக்கையே பேச்சுல "அரை"யோடயும் சேர்த்து விளையாடலாம், சின்ன ர பெரிய ற வித்தியாசம் இன்னைக்குப் பெரும்பாலானவங்க பேச்சுல இல்ல. "அறை வாடகை எவ்வளவு?" "பாதி வாடகைதான், அரைன்னு நீங்களே சொல்லிட்டீங்களே." காதுக்கு இது ஓடும். டைப் பண்ணி அனுப்பினா படிக்கறவர் முதல்ல எழுத்துப்பிழைன்னு நினைப்பாரு, அப்புறம்தான் ஜோக்குன்னு நினைப்பாரு, சில பேர் திருத்தி வேற அனுப்புவாங்க. இதுக்கு நேர் எதிர் வகையும் உண்டு. "அவர் நடிப்புல பாவமே இல்ல, பாவம்." எழுத்துல பார்த்தா ரெண்டும் ஒரே பாவம், ஜம்முனு இருக்கு. வாயால சொல்லிப் பாருங்க, முகபாவம்ங்கற முதல் பாவத்தை ரொம்ப பேர் அழுத்தி, தொண்டையில இருந்து ஒலிக்கற மாதிரி சொல்வாங்க, பரிதாபத்துக்குச் சொல்ற பாவம் லேசா உதட்டுல வரும். ரெண்டும் வேற வேறயா கேக்குது, ஜோக் காலி. நம்ம எழுத்துல ப ஒண்ணுதான், ஒலி ரெண்டு, அதனால கண்ணுக்கு வேலை செய்யறது காதுக்குச் செய்யாது. ஆக, சொன்னது ஓடலைன்னா விளக்கம் குடுக்கறதுக்குப் பதிலா சில சமயம் ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டினாலே போதும். எழுதினது ஓடலைன்னா "சத்தமா படிச்சுப் பாருங்க" போதும். இந்த ரெண்டையும் யாரும் செய்யறதில்ல, நேரா இலக்கணத்துக்குப் போயிடறாங்க.

அந்த இலக்கணத்துல ஒரே ஒரு விஷயம் உண்மையிலேயே உதவும். தண்டியலங்காரம்ங்கற பழைய அணி இலக்கண நூல் சிலேடையை ரெண்டா பிரிக்குது, செம்மொழி, பிரிமொழி. சொல் உடையாம அப்படியே நின்னு ரெண்டு அர்த்தம் தந்தா செம்மொழிச் சிலேடை, உடைச்சுப் பார்த்தாத்தான் ரெண்டாவது அர்த்தம் வரும்னா பிரிமொழி. (இந்த செம்மொழி வேற, நாம தமிழைப் பெருமையா சொல்ற செம்மொழி வேற. இதுவே ஒரு சிலேடை, இதையும் நான் பல தடவை விளக்க வேண்டியிருந்திருக்கு.) மாலைங்கற சொல் செம்மொழி வகை, சாயங்காலமும் அதுதான் பூமாலையும் அதுதான், "கல்யாணம் காலையில, ஆனா ரெண்டு பேரும் மாத்திக்கிட்டது மாலை". வேங்கை பிரிமொழி வகை, சேர்த்துப் படிச்சா ஒரு மரம், இல்லைன்னா புலி, வேம் கைன்னு உடைச்சா வேகற கை, பள்ளிக்கூட இலக்கணத்துல பொதுமொழிக்கு, அதாவது சேர்த்துப் படிச்சா ஒரு அர்த்தமும் பிரிச்சா வேற அர்த்தமும் தர்ற சொல்லுக்கு, வர்ற பழைய உதாரணம் இது. விளக்கறவருக்கு இதனால என்ன லாபம்னா, செம்மொழி வகைக்கு ரெண்டாவது அர்த்தத்தை ஞாபகப்படுத்தினா போதும், பிரிமொழி வகைக்கு அர்த்தமே சொல்ல வேண்டாம், சொல்லை நிறுத்தி நிறுத்தி, உடையற இடத்துல மூச்சு விட்டுச் சொன்னா போதும். கேக்கறவர் முகம் மாறறது அந்த மூச்சு விடற இடத்துலதான், பார்த்துக்கிட்டே இருங்க.

ஆனா வார்த்தையும் தெரிஞ்சு, உடைச்சும் காட்டி, அப்பவும் சிரிப்பு வராத ஒரு வகை இருக்கு, பொருளே உலகத்துல இருந்து போயிடுச்சு. 15-ஆம் நூற்றாண்டு காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவுல வச்சுப் பாடியிருக்காரு. ஒவ்வொரு தொடரும் ரெண்டுக்கும் பொருந்தும். ஆடிட்டு குடத்துல போய் அடையும்னா பாம்பு படமெடுத்து ஆடிட்டு குடத்துக்குள்ள போகுது, எள்ளு செக்குல ஆடி எண்ணெயா குடத்துக்கு வருது. ஆடும்போது இரையும்னா பாம்பு சீறுது, செக்கு சத்தம் போடுது. மூடியைத் திறந்தா முகம் காட்டும்னா பாம்பு தலையைத் தூக்குது, எண்ணெயில நம்ம முகமே தெரியுது. உச்சமா அந்தப் பிண்ணாக்கு, எண்ணெய் எடுத்த சக்கைதான் பிண்ணாக்கு, அதையே பிள் நாக்குன்னு உடைச்சா பிளந்த நாக்கு, பாம்புக்கு இருக்கறது. எனக்கு இதை எத்தனை தடவை சொன்னாலும் அலுக்காது. ஆனா வகுப்புல சொன்னா? செக்கு ஓடிப் பார்த்ததில்ல, அது போடற சத்தம் தெரியாது, எண்ணெய்க் குடத்துல எட்டிப் பார்த்ததில்ல. பிண்ணாக்கு மட்டும் தெரியும், அதுவும் திட்டற வார்த்தையா, அதுவும் "புண்ணாக்கு"ன்னு, அதை உடைச்சா பிளந்த நாக்கு வராது, புண்ணுதான் வரும். இந்தப் பாட்டை நான் இப்ப சிரிக்க வைக்கறதுக்குச் சொல்றதே இல்ல. பூட்டைக் கழட்டிக் காட்டற மாதிரி, இதோ இந்தச் சாவி, இதோ உள்ள சுத்தறதுன்னு ஒவ்வொண்ணா காட்டுவேன், கடைசியில "அடப்பாவி மனுஷா"ன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அது சிரிப்பு இல்ல, அதுக்குக் கிட்டத்துல இருக்கற வேற ஒண்ணு. எனக்கு அது போதும்.

ரொம்ப தூரம் போகாம நம்ம காலத்துக்குக் கிட்ட வந்தா கி.வா.ஜகந்நாதன், 1906-ல பிறந்து 1988 வரைக்கும் இருந்தவர், உ.வே.சாமிநாதையரோட மாணவர், கலைமகள் பத்திரிகை ஆசிரியர், நிமிஷத்துக்கு ஒரு சிலேடைன்னு பேர் வாங்கினவர். அவர் போன கார் நடுவழியில நின்னுபோய், மத்தவங்க எல்லாம் இறங்கித் தள்ள, இவர் "நான் தள்ளாதவன்"னு சொன்னதா ஒரு கதை ரொம்ப நாளா சுத்திட்டு இருக்கு, ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வாங்க. காரைத் தள்ளாதவன், வயசான தள்ளாதவன், ரெண்டும். இதுக்கு நான் பார்த்த வரைக்கும் இளவட்டங்க உடனே சிரிக்கறதில்ல. "தள்ளாத வயசுல"ன்னு ஒரு தொடர் அவங்களுக்குத் தெரியும், ஆனா அது முழுசா ஒரே கட்டியா தெரியும், அதுல இருக்கற தள்ளாதவும் கார் தள்ளறதும் ஒரே உருவம்னு தோணினதே இல்ல. இங்க என்ன பண்ணணும்? "தாத்தாக்கள் எல்லாம் எந்த வயசு?"ன்னு ஒரு கேள்வி மட்டும் கேளுங்க. அவங்களே "தள்ளாத..."ன்னு ஆரம்பிச்சு பாதியில நிறுத்திச் சிரிப்பாங்க. பதிலைச் சொல்லாம, பதில் அவங்க வாயில இருந்தே வர்ற மாதிரி ஒரு கேள்வி. இதை விட நல்ல விளக்கம் எனக்கு இன்னும் கிடைக்கல.

ஒரு விஷயத்தையும் ஒத்துக்கணும், பல நேரம் தப்பு கேக்கறவர் மேல இல்ல. ஜோக்கையே கோணலா கட்டியிருப்போம். ரெண்டாவது அர்த்தம் தெறிக்கிற இடம் கடைசியில வரணும், அதை நடுவுல வச்சுட்டு பின்னாடி வாலை நீட்டினா அதுக்குள்ள மூளை ஒரு அர்த்தத்தைத் துரத்திடும். "விடை தெரியாததால பரீட்சை ஹால்ல இருந்து விடை பெற்றுக்கிட்டு அப்புறம் வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னேன்"னா யார் சிரிப்பா. "பரீட்சைக்குப் போனேன், விடை தெரியல, பெற்றுக்கிட்டேன்"னு நறுக்குனு நிறுத்துங்க. அப்புறம், அவசரத்துல இருக்கறவர்கிட்டயும் கோபத்துல இருக்கறவர்கிட்டயும் எதையும் விளக்காதீங்க, அடுத்தவங்க பேரை வச்சு அடிச்ச சிலேடைன்னா விளக்கினா அவமானம்தான் பெருசாகும், விட்டுடுங்க.

நம்ம ஊர்க்காரங்க இந்த ஜோக்குகளுக்கு வச்ச பேரையும் கவனிச்சிருப்பீங்க. கடி, அறுவை, பிளேடு, ரம்பம், எல்லாமே வெட்டற சமாச்சாரம். மொக்கை மட்டும் கூர் மழுங்கினதுன்னு அர்த்தம். நாம ரம்பத்துல ஆரம்பிச்சு மொக்கைக்கு வந்து சேர்ந்திருக்கோம். தலையில கை வச்சு "ஐயோ கடி"ன்னு சொன்னா அது தோல்வின்னு நினைச்சுக்காதீங்க, அவருக்குப் புரிஞ்சுதுங்கறதுக்கு அதுதான் சாட்சி. பயப்பட வேண்டியது மரியாதைக்குச் சிரிக்கிற சிரிப்புக்கு. நீங்க சொல்லி முடிச்ச உடனே, ஒரு கணம் கூட யோசிக்காம சிரிச்சா அவருக்குப் புரியலன்னு முக்காவாசி சொல்லிடலாம், புரிஞ்சவங்க முகம் முதல்ல கொஞ்சம் சுருங்கி அப்புறம்தான் விரியும்.

என் அக்கா பொண்ணுக்கு ஒன்பது வயசு. ஆறேழு வயசு வரைக்கும் குழந்தைங்களுக்குப் புதிர் கேக்கறதே பிடிக்கும், விடையில இருக்கற ரெண்டு அர்த்தம் பிடிபடாது, சும்மா எதையோ சொல்லிட்டு உருண்டு சிரிப்பாங்க, இவளும் அப்படித்தான் இருந்தா. போன வருஷம் அந்த ஆறுன டீயைச் சொன்னேன், ஒண்ணும் சொல்லாம போயிட்டா. நானும் விளக்கல. மறுநாள் காலையில குளிச்சுட்டு இருந்தவ உள்ள இருந்தே "மாமா! ஆறிப்போச்சு!"ன்னு கத்திச் சிரிச்சா, வீட்டுல எல்லாரும் தண்ணி ஆறிப்போச்சுன்னு ஹீட்டரைப் பார்க்க ஓடினாங்க.

இந்த மாசம் அவ என்கிட்ட வந்து கேட்டா, "மாமா, நாற்காலிக்கு நாலு கால். இருக்கைக்கு?" நான் எதையோ திருத்திட்டு இருந்தேன், "அதுக்கும் நாலு கால்தான், ரெண்டும் ஒண்ணுதானேம்மா"ன்னேன். அவ ஒண்ணும் சொல்லல. மூணு நொடி என் முகத்தையே பார்த்துட்டு நின்னா. அப்புறம் ரொம்பப் பொறுமையா, "மாமா, நீங்களே மெதுவா ஒரு தடவை சொல்லிப் பாருங்க. இரு... கை."